கறுத்த எண்ணெய் சொல்லும் கணக்கு



கொல்கத்தா நகரின் தென்மேற்கு ஓரத்தில் ஹூக்ளி ஆறு ஓடுகிறது. அதன் கிழக்குக் கரையில் இருக்கிறது கார்டன் ரீச். கார்டன் என்றால் தோட்டம். பெயரில்தான் தோட்டம். கண்ணில் படுவது எல்லாம் இன்ஜின்கள். அங்கே ஒரு பெரிய கப்பல் கட்டும் தளம் உண்டு. 1884-ல் அது ஒரு சிறு பட்டறை. 1960-ல் மத்திய அரசு அதை வாங்கியது. நேதாஜி சுபாஷ் கப்பல்துறையும் அந்தப் பகுதியில்தான். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் அங்கேதான். அருகில் பஹார்பூரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. இன்ஜின் எண்ணெயைக் கலந்து டப்பாவில் அடைக்கும் ஆலை அது.

கப்பலும் ரயிலும் பெரியவை. அவற்றுக்கு நடுவே சின்ன வண்டிகளும் ஓடுகின்றன. பக்கத்தில் மெட்டியாபுருஜ். அது ஆயத்த ஆடை தைக்கும் ஊர். வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடும். தைத்த துணிகளை மூட்டை கட்டி பிக்கப் வண்டிகளில் ஏற்றுவார்கள். தெரு குறுகல். கூட்டம் அதிகம். வண்டி பத்து அடி போகும், நிற்கும். மறுபடியும் பத்து அடி போகும். நின்ற இடத்திலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் தூசி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். இன்ஜினுக்கு இதைவிடக் கடினமான பிழைப்பு வேறு இல்லை.

அப்படி ஒரு பிக்கப் வண்டிக்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். வண்டி அவருடையது. கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. இன்ஜின் நின்றால் அவர் வீட்டில் அடுப்பு நிற்கும். இன்ஜினைப் பிரித்து வேலை செய்தால் பல மாத வருமானம் போய்விடும்.

அவர் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகிறார். கடையில் இரண்டு டப்பாக்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு டப்பா விலை குறைவு. அவர் வழக்கமாக ஊற்றுவது அதுதான். நீல டப்பா விலை அதிகம். "இதைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் தேயவே தேயாது. இரண்டு மடங்கு தூரம் ஓடும்" என்கிறார் கடைக்காரர். பழுது பார்ப்பவரை அந்தப் பக்கத்தில் மிஸ்திரி என்பார்கள். மிஸ்திரி வேறு மாதிரி சொல்கிறார். "எல்லா எண்ணெயும் ஒன்றுதான். கறுத்தால் மாற்று" என்கிறார் அவர்.

யார் சொல்வது சரி?

முதலில் மிஸ்திரி சொன்னதை எடுத்துக் கொள்ளுங்கள். கறுத்தால் எண்ணெய் கெட்டுவிட்டதா? டீசல் இன்ஜினில் புது எண்ணெய் ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டரிலேயே அது கறுத்துவிடும். டீசல் எரியும்போது கரி உண்டாகிறது. அந்தக் கரி பிஸ்டனிலும் ரிங்கிலும் ஒட்டக் கூடாது. எண்ணெயில் கலந்திருக்கும் மருந்துப் பொருள்கள் கரியைப் பொடியாகப் பிடித்து வைத்துக் கொள்கின்றன. அதனால்தான் எண்ணெய் கறுக்கிறது. துணி துவைத்த தண்ணீர் அழுக்காவது போலத்தான் இதுவும். தண்ணீர் அழுக்கானால் துணி வெளுக்கிறது என்று பொருள். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பதும் அப்படித்தான். தேய்மானம் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தால், அதற்குள் இன்ஜின் பாதி போயிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எண்ணெயையே கேட்கலாம். வடித்த எண்ணெயில் ஒரு சிறு புட்டி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கலாம். டாக்டர் ரத்தத்தைச் சோதிக்கிறார். உடம்பைக் கிழிக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று அறிகிறார். இதுவும் அதே வேலைதான்.

இந்தச் சோதனை ரயில் இன்ஜினில் பிறந்தது. 1940-களில் அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் என்ற ரயில்வே இதைச் செய்தது. டீசல் ரயில் இன்ஜின்களின் பழைய எண்ணெயை எடுத்தார்கள். அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்று இன்ஜினைப் பிரிக்காமலே தெரிந்தது. பிறகு படைத் துறைகளும் இந்த வழியைப் பிடித்துக் கொண்டன. இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளிலும் இந்தச் சோதனை வழக்கத்துக்கு வந்தது. கார்டன் ரீச்சில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் தென்கிழக்கு ரயில்வேயில் இப்போது பெரும்பாலான ரயில்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆனால் டீசல் இன்ஜின் சொல்லிக் கொடுத்த பாடம் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிக்கும் பொருந்தும். பிஸ்டன் பெரிதோ சிறிதோ, தேய்கிற விதம் ஒன்றுதான்.

உலோகத்தை எப்படி அளக்கிறார்கள்? சமையல் அறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. உப்புப் போட்ட உலை பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகிறது அல்லவா? உப்பில் உள்ள சோடியம் தரும் நிறம் அது. தீபாவளி மத்தாப்பில் பச்சை நிறம் வருவதும் இப்படித்தான். பேரியம் என்ற பொருள் அந்தப் பச்சையைத் தருகிறது. ஒவ்வொரு பொருளும் எரியும்போது தனக்கென்று ஓர் ஒளியைத் தரும். ஆய்வகக் கருவி எண்ணெயை மிகக் கடுமையான சூட்டில் எரிக்கிறது. வரும் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று எண் கொடுக்கிறது.

அந்த எண்ணுக்கு பிபிஎம் என்று பெயர். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பொருள். வண்டியில் 6 லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் எடை ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகம். இரும்பு 40 பிபிஎம் என்று அறிக்கை சொல்கிறது. அப்படியானால் எண்ணெய் முழுவதிலும் கரைந்து கிடக்கும் இரும்புப் பொடி ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய பத்து அரிசி மணியின் எடை. அவ்வளவு சிறியதையும் கருவி கண்டுபிடிக்கிறது.

ஒவ்வொரு உலோகமும் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லும். இரும்பு பெரும்பாலும் லைனர், கிராங்க், கேம் ஆகியவற்றிலிருந்து வரும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து வரும். குரோமியம் ரிங்கிலிருந்து வரும். ஈயமும் செம்பும் பேரிங்கிலிருந்து வரும். சோடியம் திடீரென்று ஏறினால் ரேடியேட்டர் கூலன்ட் கசிந்து எண்ணெயில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

சிலிக்கான் என்று இன்னொரு பெயர் அறிக்கையில் வரும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். மண்ணிலும் மணலிலும் இருப்பது சிலிக்கான். அது எண்ணெயில் ஏறினால் தூசி உள்ளே போகிறது என்று பொருள். ஏர் பில்டர் கிழிந்திருக்கலாம். அதன் குழாய் தளர்ந்திருக்கலாம். தூசி உள்ளே போனால் லைனரை உப்புத்தாள் போல் தேய்க்கும். அப்போது எந்த எண்ணெய் ஊற்றினாலும் இன்ஜின் தேயும். புது இன்ஜினில் மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு. அதில் பூசிய ஒட்டுப் பசையிலிருந்தும் சிலிக்கான் வரும்.

உலோகம் தவிர வேறு சிலவும் பார்ப்பார்கள். எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று 100 டிகிரி சூட்டில் அளப்பார்கள். டப்பாவில் 15 டபிள்யூ 40 என்று போட்டிருக்கும். அந்த 40-க்கு ஓர் அளவு உண்டு. 12.5-க்குக் குறையாமல் 16.3-க்குள் இருக்க வேண்டும். டீசல் கலந்தால் எண்ணெய் நீர்த்துவிடும், எண் குறையும். கரி மிஞ்சினால் கெட்டியாகும், எண் ஏறும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சூடான தட்டில் ஒரு துளி விடுவார்கள். தண்ணீர் இருந்தால் சடசடக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலத்தான். அதற்காக வீட்டுத் தோசைக்கல்லில் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு எண் கார எண். டீசலில் கந்தகம் உண்டு. அது எரிந்தால் அமிலமாகும். அமிலம் பேரிங்கை அரிக்கும். எண்ணெயில் உள்ள காரம் அந்த அமிலத்தை முறிக்கிறது. ஓட ஓட காரம் தீர்ந்துகொண்டே வரும். புது எண்ணெயில் இருந்த அளவில் பாதியாகக் குறைந்தால் எண்ணெயை மாற்றுவது வழக்கம். முன்பு இந்திய டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10 பிபிஎம்-க்கு மேல் இல்லாத டீசல் கிடைக்கிறது. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதனால் காரம் முன்பு போல் சீக்கிரம் தீர்வதில்லை.

சரி. வண்டிக்காரர் சிவப்பையும் நீலத்தையும் எப்படி ஒப்பிடுவார்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இவர் வண்டியில் ஒன்று, நண்பர் வண்டியில் இன்னொன்று என்று ஊற்றிப் பார்க்கிறார்கள். அந்த வண்டி வேறு. அது ஓடும் பாதை வேறு. ஓட்டும் கால் வேறு. தராசின் இரண்டு தட்டும் சமமாக இல்லாதபோது எடை சரியாக வராது. ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே மாதிரி சுமை, ஒரே தூரம். இவை வேண்டும்.

புட்டியில் எடுக்கும் விதமும் முக்கியம். வண்டி ஓடி நின்ற பிறகு எண்ணெய் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் எடுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வருவது அடியில் தங்கிய கசடு. அதைப் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் ஓடவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். புட்டி சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். கழுவிய ஈரப் புட்டியில் பிடித்தால், அறிக்கையில் தண்ணீர் என்று வரும். பிறகு இல்லாத கசிவைத் தேடி மிஸ்திரி இன்ஜினைப் பிரிப்பார். புட்டியின் மேல் எழுத வேண்டியதும் உண்டு. எண்ணெயின் பெயர், தேதி, இந்த எண்ணெயில் ஓடிய கிலோமீட்டர், இடையில் குறைந்ததற்கு எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது. இந்தக் கடைசிக் கணக்கை எழுதாமல் விட்டால் எல்லாம் பொய்யாகும். குழம்பில் தண்ணீர் ஊற்றினால் உப்புக் குறைந்தது போல் தெரியும் அல்லவா? இடையில் ஒரு லிட்டர் புது எண்ணெய் ஊற்றினாலும் இரும்பு குறைந்தது போல் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் இங்கே கண்கூடு.

டப்பாவிலிருந்து புது எண்ணெயிலும் ஒரு புட்டி அனுப்ப வேண்டும். தொடக்கம் தெரியாமல் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. வண்டிக்காரர் சிவப்பு எண்ணெயில் 8,000 கிலோமீட்டர் ஓடினார். சோதித்தார். இரும்பு 40. சிலிக்கான் 12. கார எண் புதிதில் 10, இப்போது 6. அடுத்து நீலம் ஊற்றினார். அதே 8,000 கிலோமீட்டர். இரும்பு 64! சிலிக்கான் 35. அவருக்குக் கோபம் வந்தது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் இன்ஜினைத் தின்றுவிட்டதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கிளம்பினார்.

கொஞ்சம் நிற்க வேண்டும். சிலிக்கான் ஏன் ஏறியது? எண்ணெய் தூசியைக் கொண்டு வராது. மிஸ்திரி ஏர் பில்டர் குழாயைத் தடவிப் பார்த்தார். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. தெருத் தூசி அந்த வழியாக நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது. குழாயை மாற்றினார்கள்.

மறுபடியும் நீலமே ஊற்றினார். இரண்டாவது முறை ஊற்றியது நல்லது. எண்ணெயை வடித்தாலும் பழையது கொஞ்சம் உள்ளே தங்கும். முதல் முறை ஊற்றும்போது இரண்டும் கலந்தே இருக்கும். புது எண்ணெய் பழைய கசடைக் கழுவி எண்ணை ஏற்றிக் காட்டவும் கூடும். இரண்டாம் முறைதான் நீலத்தின் உண்மையான முகம் தெரியும். இந்த முறை இரும்பு 38. சிலிக்கான் 11. கார எண் புதிதில் 12, இப்போது 9.

பிறகு திரும்பவும் சிவப்புக்கு வந்தார். ஏன்? நடுவில் வண்டியே மாறியிருக்கலாம். காலம் மாறியிருக்கலாம். பழையதற்குத் திரும்பி வந்தால்தான் அது தெரியும். இதிலும் முதல் முறை ஊற்றியதில் நீலம் கலந்திருக்கும். அதனால் அதைக் கணக்கில் விட்டார். இரண்டாம் முறை ஊற்றியதைச் சோதித்தார். இரும்பு 41. கார எண் மறுபடியும் 6.

சிவப்பில் 40, 41. நீலத்தில் 38. நீலம் வென்றதா? இல்லை. ஒரே புட்டியை இரண்டு தடவை சோதித்தாலும் எண் ஒன்றிரண்டு கூடும், குறையும். மூன்று பிபிஎம் வித்தியாசத்தை வெற்றி என்று சொல்வது, வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எடை பார்த்து நூறு கிராமுக்குக் கவலைப்படுவது போன்றது. தேய்மானத்தில் இரண்டு எண்ணெயும் சமம். "தேயவே தேயாது" என்றார் கடைக்காரர். அந்தப் பேச்சு நிற்கவில்லை.

ஆனால் மிஸ்திரி சொன்னதும் முழுவதும் சரியில்லை. கார எண்ணைப் பாருங்கள். சிவப்பில் பத்தில் நான்கு போய்விட்டது. நீலத்தில் பன்னிரண்டில் மூன்றுதான் போயிருக்கிறது. நீலத்தில் இன்னும் சரக்கு இருக்கிறது. அது கூடுதல் தூரம் தாங்கலாம்.

அங்கே பணக் கணக்கு வருகிறது. சிவப்பு 6 லிட்டர் 2,400 ரூபாய், நீலம் 4,200 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். சிவப்பு 8,000 கிலோமீட்டர் ஓடினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 ரூபாய். நீலமும் 8,000-த்தில் மாற்றினால் 525 ரூபாய். அது வீண் செலவு. நீலம் 12,000 ஓடினால் 350. 14,000 ஓடினால் 300, அப்போதுதான் சமம். அதற்கு மேல் ஓடினால்தான் மிச்சம். இதில் சோதனைக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும்.

தூரத்தை ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. 10,000-த்தில் ஒரு சோதனை, பிறகு 12,000-த்தில் ஒன்று என்று படிப்படியாகப் போக வேண்டும். கரியும் கெட்டித்தன்மையும் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வாரண்டி உள்ள வண்டி என்றால் கம்பெனி புத்தகத்தில் போட்ட தூரத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

டப்பாவில் போட்டிருக்கும் தர எழுத்தும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். சிஐ-4, சிகே-4 என்று எழுதியிருக்கும். 2020-க்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. அவற்றுக்குச் சாம்பல் குறைவான எண்ணெய் வேண்டும். பழைய வகையை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சோதனைக்குத் தெரியாததும் உண்டு. மிக நுண்ணிய பொடியைத்தான் அந்தக் கருவி பார்க்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் பொடி அது. பேரிங்கிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற துண்டு உடைந்து விழுந்தால் கருவியின் கண்ணில் படாமல் போகலாம். அதனால் எண்ணெய் மாற்றும்போது பழைய ஆயில் பில்டரை அறுத்து மடிப்புகளைப் பார்க்கும் மிஸ்திரியின் வழக்கத்தை விட வேண்டாம்.

ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இத்தனை சோதனையும் கட்டுபடியாகுமா என்று கேட்கலாம். எண்ணெய் விலையை மட்டும் பார்த்தால் கட்டுபடி ஆகாது. ஒரே ஸ்டாண்டில் ஒரே மாதிரி வண்டி ஓட்டும் ஐந்தாறு பேர் சேர்ந்தால் செலவு பிரிந்துவிடும். பெரிய நகரங்களில் எண்ணெய் சோதிக்கும் ஆய்வகங்கள் உண்டு. என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள். எல்லாப் புட்டியையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வகம் மாறினால் தராசு மாறிவிடும்.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. வடிகட்டும் தாளில் பழைய எண்ணெயை ஒரு துளி விட்டு, அசைக்காமல் படுக்க வைத்துவிடுங்கள். மறுநாள் பாருங்கள். கறுப்பு மெல்ல மெல்ல வெளிறி வட்டமாகப் பரவியிருந்தால், கரியைப் பிடித்து வைக்கும் சக்தி எண்ணெயில் இன்னும் இருக்கிறது. கறுப்பு பரவாமல் நடுவிலேயே பொட்டு வைத்தது போல் நின்றுவிட்டால் அந்தச் சக்தி தீர்ந்தது. இது தேய்மானத்தைச் சொல்லாது. ஆனால் மாற்றும் நாளைச் சொல்லும். தாளில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வரிசையாக நோட்டில் ஒட்டி வைக்கலாம்.

வண்டிக்காரர் கடைசியில் சிவப்பு டப்பாவையே வாங்குகிறார். கடனை அடைத்த பிறகு நீலத்தை 10,000 வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார். இப்போது அவர் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் ஏர் பில்டர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்க்கிறார். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்றுப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்கிறார். கை கழுவ சோப்பும் வண்டியிலேயே வைத்திருக்கிறார். பழைய எண்ணெய் தோலில் ஊறிக்கொண்டே இருந்தால் நாளடைவில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடும் என்று மிஸ்திரி அவரிடம் சொல்லியிருக்கிறார்.